நிறமி இல்லாத தோலும் தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலும்

"இங்க என்னங்க வெயிலு, தருமபுரிப் பக்கம் போய்ப் பாருங்க" என்று ஓசூரிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிறமி இல்லாமல், அதாவது அல்பினிசத்தோடு, பிறந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பேச்சை நம்பவே கூடாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி உயரத்தில். 1000 மீட்டர் மேலே போனால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஆக, ஓசூரில் சூடு குறைவு என்பது உண்மை, தோலைக் கெடுக்கும் கதிரோ தருமபுரியைவிடச் சற்றே அதிகம். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பிள்ளை உறைப்பு தெரியாமல் நெடுநேரம் வெளியே விளையாடும். தோல் சிவந்து எரிய ஆரம்பிப்பது சில மணி நேரம் கழித்து, உச்சத்துக்குப் போவது மறுநாள். அதற்குள் கெடுதல் நடந்து முடிந்திருக்கும்.

அல்பினிசம் உள்ளவர்களையும் அவர்களை வளர்ப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வெள்ளையாகவோ வைக்கோல் மஞ்சளாகவோ இருக்கும். தோல் இளஞ்சிவப்பு. கண்மணி நிலையாக நில்லாமல் பக்கவாட்டில் ஆடும், வெளிச்சத்தில் கண் கூசும். சிலருக்கு வயது ஏற ஏற முடியில் கொஞ்சம் பழுப்பு ஏறும். "நிறம் வந்துடுச்சு, இனிமேல் பயமில்லை" என்று அப்போது பாதுகாப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். முடியில் வந்த அந்தச் சிறு பழுப்பு தோலைக் காப்பாற்றும் அளவு ஆகாது.

நம் ஊர்க் கருந்தோலுக்கு மெலனின்தான் குடை. புறஊதாக் கதிர் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைச் சிதைக்காமல் அது தடுக்கிறது. அதனால்தான் ஆயுள் முழுக்க வயலில் நின்றவர்களுக்கும் தோல் புற்றுநோய் வந்து ஊரில் யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. இதுவே அல்பினிசம் உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடிகிறது. அக்கம்பக்கத்தில் முன்மாதிரி இல்லாததால் காதிலோ கன்னத்திலோ ஆறாத புண் வந்தால் அதைப் புற்றுநோய் என்று யாரும் நினைப்பதில்லை. பாதுகாப்பே இல்லாமல் சிறு வயதிலிருந்து வெளிவேலை செய்தவர்களுக்கு 20களிலும் 30களிலுமே வந்துவிடும். அதிகம் வருவது செதிள் செல் புற்றுநோய், அடுத்தது அடித்தள செல் புற்றுநோய். இரண்டையும் சீக்கிரம் பார்த்தால் சிறிய அறுவையோடு முடித்துவிடலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை: கார்போகரிசி

அல்பினிசமும் வெண்புள்ளியும் வேறு வேறு. வெண்புள்ளி பிறந்த பிறகு வருவது, திட்டுத் திட்டாக இருக்கும், பார்வையைப் பாதிக்காது. அல்பினிசம் பிறக்கும்போதே உடல் முழுக்க இருக்கும். இரண்டுமே தொழுநோய் அல்ல, ஒட்டாது. இதைக் குழப்பிக்கொண்டு வெண்புள்ளிக்கு உரிய மருந்தைக் கொடுத்துவிடுவதுதான் நாங்கள் மிகவும் பயப்படும் விஷயம். வெண்புள்ளிக்கு நாட்டு மருந்தில் கார்போகரிசி சேர்ப்பார்கள். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலை வெயிலுக்குப் பலமடங்கு கூச்சமாக்கும். பூசிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொல்வதே அந்த மருத்துவத்தின் முறை. வெண்புள்ளிக்காரருக்குத் திட்டைச் சுற்றியாவது நிறமி உண்டாக்கும் செல்கள் நல்லபடி வேலை செய்யும், தூண்டிவிட ஏதோ இருக்கிறது. அல்பினிசத்தில் செல் இருந்தும் நிறமி தயாராகாது. அங்கே சோரலெனும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளமும் பின்னாளில் புற்றுநோயும்தான் மிஞ்சும். கிளினிக்கில் சோரலென் மாத்திரை கொடுத்துக் கதிர்ப்பெட்டியில் நிற்க வைக்கும் சிகிச்சையும் இவர்களுக்கு ஆகாது. எந்தப் பூச்சு, எந்தப் பொடி கொடுத்தாலும் "இதில் கார்போகரிசி இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறும் அப்படியே. தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீப்புண் போல ஆகும். ஆங்கில மருந்திலும் சில உண்டு: டாக்ஸிசைக்ளின் வெயில் கூச்சத்தைக் கூட்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு நீண்ட நாள் சாப்பிட்டால் தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் நாமாக நிறுத்தக் கூடாது.

நேரம்

பாதுகாப்பில் பாதிக்கு மேல் நேரத்தைப் பார்த்து நடப்பதிலேயே கிடைத்துவிடும். காசும் செலவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் வடக்கே 12 பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால் சூரியன் ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரத்தில் ஒரு முறையும் ஆகஸ்ட் மூன்றாம், நான்காம் வாரத்தில் ஒரு முறையும் நேர் உச்சிக்கு வருகிறது. சித்திரை வெயிலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். ஆவணியில் மேகமும் காற்றும் இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. கதிரின் கோணம் இரண்டு மாதத்திலும் ஒன்றுதான். லேசான மேகம் புறஊதாவில் 80 சதவீதம் வரை உள்ளே விட்டுவிடும்.

கைபேசியில் வானிலை பார்க்கும் செயலிகளில் யு.வி. இண்டெக்ஸ் என்று புறஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் ஒரு எண் வரும். 3-ஐத் தொட்டாலே மூடிக்கொள்ள வேண்டும். நம் பக்கம் மார்ச் முதல் செப்டம்பர் வரை தெளிந்த நாளின் நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். பனி மூட்டம் விலகிய மார்கழி நண்பகலில்கூட 8-ஐ ஒட்டி நிற்கும். வெப்பநிலை எண்ணைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பார்க்கப் பிள்ளைகளுக்கே பழக்கிவிடலாம்.

கைபேசி இல்லாத இடத்தில் நிழல் போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கடுமையான நேரம். ஏப்ரலில் இது காலை 9.15 மணிக்கே தொடங்கி மாலை 3.15 வரை போகும். டிசம்பரில் ஏறக்குறைய 10.20 முதல் 2.10 வரை. "காலை 10 மணி வரை பரவாயில்லை" என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது கோடையில் இவர்களுக்குப் பொருந்தாது. 8.30-க்குள் வெளிவேலையை முடிப்பது, மாலை 4.30-க்கு மேல் விளையாட விடுவது என்று வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கக் குழப்பமில்லை.

நிழல் என்றாலும் எல்லா நிழலும் ஒன்றல்ல. வானத்திலிருந்து சிதறி வரும் கதிர் பக்கவாட்டில் வரும். மேலே அண்ணாந்து பார்க்கும்போது எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு கதிர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அடர்ந்த மாந்தோப்புக்குள்ளே உட்காருவது நல்ல பாதுகாப்பு. மேட்டில் தனியாக நிற்கும் வேப்ப மரத்தடி அரைப் பாதுகாப்பு. பச்சை நிழல்வலையில் 50 சதவீதம் என்று போட்டிருந்தால் மீதி 50 உள்ளே வருகிறது. ஓசூர் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களில் போடும் தாளை யு.வி. தாள் என்பார்கள். தாள் வெயிலில் நைந்து போகாமல் இருக்கத்தான் அந்தப் பெயர். அதன் கீழே வேலை செய்பவரின் தோலுக்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

துணி, தொப்பி, குடை

துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும். டியூப் லைட்டுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் புறஊதாவும் வரும். நெருக்கமான நெசவு, அடர்ந்த நிறம் என்று பார்க்க வேண்டும். வெயிலுக்கு வெள்ளை மெல்லிய பருத்தி நல்லது என்பது சூட்டுக்குச் சரி, இவர்களுக்கு அது போதாது. நனைந்துவிட்டால் இன்னும் மோசம். வியர்வையில் தொப்பலாக நனைந்த வெள்ளை பனியன் வெறும் தோல் மாதிரிதான். கருநீலம், கரும்பச்சை, மெரூன் நிறத்தில் தளர்வான முழுக்கைச் சட்டை, காலர் வைத்தது, பிடரியை மறைப்பது. பாவாடையோ பேன்ட்டோ கணுக்கால் வரை. பாதத்தின் மேற்புறத்தை மறந்துவிடுவார்கள், செருப்பு வார் அச்சோடு சிவந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மூடிய ஷூ நல்லது.

கிரிக்கெட் தொப்பி நெற்றியையும் மூக்கையும்தான் மறைக்கும். காதும் பிடரியும் வெளியே கிடக்கும், புற்றுநோய் அதிகம் வருவதும் அங்கேதான். சுற்றிலும் குறைந்தது 8 சென்டிமீட்டர் விளிம்பு உள்ள தொப்பி வேண்டும். தையல்காரரிடம் ஜீன்ஸ் துணி கொடுத்துத் தைத்துக்கொண்டால் கடைத் தொப்பியைவிட உழைக்கும். தலையில் துண்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதை இரண்டாக மடித்து, இரண்டு காதும் மூடும்படி போட வேண்டும். கறுப்புக் குடை மேலிருந்து வரும் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைத் தடுக்காது. அதனால் குடை பிடித்தாலும் முழுக்கை வேண்டும்.

ஒகேனக்கல்லுக்குப் போனால் தனிக் கவனம். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, சட்டையில்லாமல் பாறையில் உட்கார்ந்து, அருவியில் குளிப்பது அங்கே வழக்கம். எண்ணெய் கதிரைத் தடுக்காது. நுரைத் தண்ணீர் கதிரைத் திருப்பி அடிக்கும். தண்ணீருக்குள் உடம்பு குளிர்ந்திருப்பதால் எரிவது தெரியாது. பரிசலில் நிழலே கிடையாது. போவதானால் விடிகாலையில் போய் 8.30 மணிக்குள் பரிசலை முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீரில் இறங்கினாலும் அடர்நிற முழுக்கைச் சட்டையோடு இறங்க வேண்டும்.

மொட்டை அடிக்கும் வேண்டுதல் இருந்தால் விடிந்ததும் அடித்துக்கொள்ளுங்கள். முடி மறைத்துவைத்திருந்த தலைத்தோல் முதன்முறையாக வெயிலைப் பார்க்கிறது. மேலே பூசும் சந்தனம் குளிர்ச்சி தரும், கதிருக்குத் தடுப்பாகக் கணக்கில் வைக்க முடியாது. முடி ஓரளவு வளரும்வரை தலையை மூடியே வைத்திருக்க வேண்டும். சட்டையைக் கழற்றி நிற்க வேண்டிய பூஜை, தீமிதி, காவடி எல்லாம் நண்பகலில் வந்தால், நடப்பதற்கு வேறு நேரம் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. கோயில்காரர்களிடம் காரணம் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

சன்ஸ்க்ரீன்: கடைசியில், மூட முடியாத இடத்துக்கு மட்டும்

சன்ஸ்க்ரீனை முதல் பாதுகாப்பாக நினைப்பதால்தான் வீட்டில் காசும் போய் தோலும் போகிறது. கணக்குப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண் கிடைக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். பெரியவர்களுக்கு முகம், கழுத்து, காதுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. ஒவ்வொரு கைக்கும் இன்னொரு டீஸ்பூன். அரைக்கைச் சட்டை போட்டால் இரண்டு கைக்கும் 10 மில்லி. நாளைக்கு இரண்டு முறை பூசினால் கைக்கு மட்டும் 20 மில்லி. 50 மில்லி ட்யூப் இரண்டரை நாளில் காலி. முழுக்கைச் சட்டை போட்டால் அந்தச் செலவே இல்லை, முகம், காது, கழுத்து, புறங்கை மட்டும்தான் மிச்சம். அதற்கே ஒரு முறைக்கு 7 மில்லி ஆகும். சிறு பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தக்கபடி குறையும். கடலை அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்ப்பது பலரின் பழக்கம். அப்படிப் பூசினால் எஸ்.பி.எஃப். 50 என்று எழுதியிருந்தாலும் அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முடிந்தால் 50, கூடவே பி.ஏ.+++ அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது புறஊதா பி கதிருக்கு, பி.ஏ. என்பது புறஊதா ஏ கதிருக்கு. 30 சுமார் 97 சதவீதமும் 50 சுமார் 98 சதவீதமும் தடுக்கும். அதனால் 100 என்று போட்ட விலை உயர்ந்ததைத் தேடுவதைவிட 50-ஐத் தாராளமாகப் பூசுவது நல்லது. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு உள்ளவை முகத்தில் வெள்ளைப் படலம் விடும் என்று மற்றவர்கள் தவிர்ப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, எரிச்சலும் குறைவு. கலாமைன் லோஷனில் ஜிங்க் இருந்தாலும் அது சன்ஸ்க்ரீனாகச் சோதிக்கப்பட்டதல்ல. எஸ்.பி.எஃப். 15 என்று போட்ட அழகு கிரீமும் உதவாது.

வெளியே கிளம்ப 15, 20 நிமிடம் முன்பே பூசி, வெளியில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். முகம் துடைத்தால், வியர்த்தால் உடனே. விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றே: காதின் மேல்விளிம்பு, காதுக்குப் பின்புறம், பிடரி, கீழுதடு, தலை வகிடு. உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம். தகரக் கூரை வீட்டில் கூரையை ஒட்டிய அலமாரியிலும் வண்டி டிக்கியிலும் ட்யூப்பை வைத்தால் மருந்து பிரிந்து தண்ணீர் தனியாக வரும். அப்படி வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச வேண்டாம், வெயிலுக்கே கொண்டுபோகாமல் இருப்பதுதான் வழி.

குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்கு இளவெயிலில் காட்டுவது, எண்ணெய் தேய்த்து வெயிலில் நிறுத்துவது, இரண்டும் பாட்டிமார் அன்பாகச் செய்வது. இந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவமனையில் காமாலைக்கு வைக்கும் விளக்கு நீல ஒளி தருவது, புறஊதா விளக்கு அல்ல. டாக்டர் வைக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். வெயிலே படாமல் வளர்ந்தால் வைட்டமின் டி குறையுமே என்ற கவலைக்கு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் மருந்தும் போதும்.

பஸ், பள்ளி, வேலை

பஸ் ஜன்னல் கண்ணாடி புறஊதா பி-யைப் பெரும்பாலும் நிறுத்தும், ஏ-யை விட்டுவிடும். கண்ணாடி திறந்திருந்தால் இரண்டும் வரும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை கிட்டத்தட்டத் தெற்கு வடக்காகப் போவதால் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. காலையில் தெற்கே போய் மாலையில் திரும்புகிறவர்கள், உதாரணமாகத் தருமபுரியிலிருந்து சேலம் போய் வருகிறவர்கள், இரண்டு முறையும் டிரைவர் பக்கம் உட்கார வேண்டும். காலையில் வடக்கே போய் மாலையில் திரும்புகிறவர்கள் இரண்டு முறையும் கதவுப் பக்கம். வண்டியில் பிள்ளையை முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போவதைவிட நடுவில் உட்காரவைப்பது முகத்துக்கு நல்லது.

பள்ளியில் தலைமையாசிரியரிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியவை: சீருடை நிறத்திலேயே முழுக்கை, முழுக்கால் உடை, வகுப்பு வெளியே தொப்பியும் நிறக் கண்ணாடியும், காலை வழிபாட்டில் நிழலில் இடம், விளையாட்டுப் பாடவேளை நடுப்பகலில் வந்தால் உள்விளையாட்டு. தோல் டாக்டரின் சீட்டை இணைத்தால் பேச்சே இருக்காது. உட்காரும் இடம் முன்வரிசை நடுவில், ஜன்னலுக்கு முதுகு காட்டி. இவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி முழுதாக வளர்வதில்லை, அதனால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திருந்தாது. ஆனாலும் கண்ணாடி அவசியம், கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ சிதறல் பார்வையோ பெரும்பாலும் கூடவே இருக்கும். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிப்பதால் கண் கெடாது, தடுக்காதீர்கள். பலகையில் எழுதியதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் பாதிச் சிரமம் தீரும். சிறு தொலைநோக்கி, உருப்பெருக்கி போன்றவற்றுக்குக் கண் மருத்துவமனைகளின் குறைபார்வைப் பிரிவில் அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். வெளியே போட 'யு.வி. 400' என்று குறித்த பழுப்பு அல்லது சாம்பல் நிறக் கண்ணாடி.

படிப்பில் கவனம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயிலில் நில்லாத வேலை கிடைப்பதுதான் இவர்களுக்கு ஆயுள் பாதுகாப்பு. மாடு மேய்ப்பது, கிரானைட் குவாரி, செங்கல் சூளை, சாலை வேலை நான்கும் வேண்டவே வேண்டாம். குவாரியில் வெட்டிய வெளிர்க் கல் கதிரைத் திருப்பியும் அடிக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீர் கொடுப்பது, நிழலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். சிப்காட் பக்கம் போகும் பையன்கள் வெல்டிங்கில் சேர வேண்டாம். அந்த வில்லொளியிலேயே புறஊதா இருக்கிறது, கூரைக்குக் கீழே நின்றே தோல் வெந்துவிடும். குடும்பத் தொழிலாகப் பார்த்தால் பட்டுப்புழு வளர்ப்பு பொருத்தமானது: வேலை பெரும்பாலும் வளர்ப்பு மனைக்குள், மல்பெரி இலை அறுப்பது விடிகாலையிலும் அந்தியிலும், கூடு விற்கத் தருமபுரியிலேயே பட்டுக்கூடு அங்காடி. பூப்பறிப்பும் பொழுது விடியும்போதே முடிகிற வேலை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிப்பை வீட்டில் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, கொட்டகையில் தரம் பிரிப்பதை இவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தோலைத் தடவிப் பார்ப்பது

மாதம் ஒரு முறை, குளித்து முடித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில். பார்வை குறைந்தவர் தன் தோலைத் தானே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிப்பார் என்று விட்டுவிடக் கூடாது. அம்மா, அக்கா, கணவன், மனைவி யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கண்ணைவிட விரல்நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் வரும் வெயில் செதிள், பார்க்க லேசான சிவப்பாக, சில நேரம் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். தலை வகிட்டில் தொடங்கி நெற்றி, மூக்கு, கன்னம், காதின் விளிம்பு, காதுக்குப் பின், கீழுதடு, பிடரி, கழுத்தின் முன்பள்ளம், தோள், முழங்கைக்குக் கீழே, புறங்கை, கெண்டைக்காலின் முன்புறம், பாதம் என்று ஒரே வரிசையில் போனால் எதுவும் விடுபடாது. சந்தேகமான இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துவைத்தால் அடுத்த மாதம் வளர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை: நான்கு வாரமாகியும் ஆறாத புண், பொருக்கு விழுந்து மறுபடி கட்டிக்கொண்டே இருப்பது, தொட்டாலே ரத்தம் வருவது, அடியில் கெட்டியான மேடு, கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு வளரும் தோல், கீழுதட்டில் ஆறாத வெடிப்போ வெள்ளைத் தடிப்போ. கறுப்பு மச்சத்தைத் தேட வேண்டாம். இவர்களுக்கு மெலனோமா அரிது, வந்தாலும் நிறமில்லாமல் இளஞ்சிவப்புக் கட்டியாகவே வரலாம். வலி இல்லை என்பதுதான் பலரும் தள்ளிப்போடக் காரணம். ஆரம்பத்தில் இது வலிக்காது. மஞ்சள், சுண்ணாம்பு, புண்ணுக்குப் போடும் பொடி எல்லாம் வைத்துப் பார்க்கும் நாட்களில் அது அடியில் பரவிக் கழுத்து நெறிகட்டிக்குப் போய்விடும்.

எதுவும் இல்லாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை தோல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, தோல் பிரிவுக்குப் போகலாம். வெயில் செதிளைத் திரவ நைட்ரஜன் வைத்து உறையவைத்து எடுப்பார்கள். கொப்புளம் வந்து வாடும், அது எதிர்பார்த்ததுதான். நிறைய இடத்தில் இருந்தால் ஃப்ளோரோயூராசில் என்ற கிரீமைப் பூசச் சொல்வார்கள். அதைப் பூசியதும் அந்த இடம் சிவந்து, பொத்து, பார்க்கவே பயமாக இருக்கும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். "ஒத்துக்கல" என்று நான்காம் நாள் நிறுத்திவிட்டால் செதிள் திரும்ப வரும். சந்தேகம் இருந்தால் நிறுத்தும் முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

கட்டியை வெட்டி எடுத்தால் எடுத்த சதை சோதனைக்குப் போனதா என்று கேளுங்கள். அறிக்கை வந்ததும் "ஓரம் சுத்தமாக இருக்கிறதா" என்று கேட்பது முக்கியம். ஓரத்தில் புற்றுச்செல் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், விட்டால் அதே இடத்தில் வரும். அறிக்கையின் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னர் சேலத்துக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பெங்களூருவுக்கோ போக நேர்ந்தால் அதுதான் முதலில் கேட்பது. சிலருக்கு அல்பினிசத்தோடு ரத்தம் சீக்கிரம் உறையாத குறையும் சேர்ந்து வரும். அடிக்கடி கன்றிப்போவது, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதது இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வெயிலில் வெந்து வந்துவிட்டால்: குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, நிறையக் குடிக்கத் தண்ணீர், வலிக்குப் பாராசிட்டமால். ஐஸ் வைக்காதீர்கள், பேஸ்ட் தடவாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி, பெரிய கொப்புளம் இருந்தால் மருத்துவமனை.

சான்றிதழும் சந்ததியும்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தோலைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், பார்வையைத்தான் எடுப்பார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபார்வை இடம்பெற்றிருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகு, இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வையை வைத்து முடிவு செய்வார்கள். அதனால் புதிய அளவுக் கண்ணாடியோடு போவது முறை. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் முகாம் நாள் சொல்வார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்க இந்த அட்டை தேவை. தேர்வு நெருங்கும்போது ஓடாமல் எட்டாம் வகுப்பிலேயே வாங்கிவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் பிள்ளையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரகணத்தில் வெளியே போனதால் இப்படிப் பிறந்தது என்று தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது அநியாயம். அப்பா, அம்மா இருவரிடமும் அதே மரபணுவில் ஒரு பழுது மறைந்திருந்து, இரண்டும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் அல்பினிசம். ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்றும் இல்லை. அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் நம் இரண்டு மாவட்டத்திலும் பரவலாக இருப்பதால், ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அல்பினிசம் உள்ளவரின் கூடப்பிறந்தவர்கள் பார்க்க இயல்பாக இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் அந்தப் பழுதைச் சுமப்பவர்கள். அவர்களுக்குப் பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் சொந்தத்தைத் தவிர்ப்பது நல்லது. அல்பினிசம் உள்ள பெண்ணோ பையனோ அந்தப் பழுது இல்லாதவரை மணந்தால் பிள்ளைகளுக்கு அல்பினிசம் வராது. இதைச் சொல்லாமல் மறைத்துக் கல்யாணம் பேசுவதைவிட, சம்பந்தி வீட்டாரை மரபியல் ஆலோசனை தரும் ஒரு டாக்டரிடம் சேர்த்தே அழைத்துப்போய் அவர் வாயால் கேட்க வைப்பது சரியான வழி.